லூனர் ஹவுஸின் வாசல் எங்கே போனது?

தோழர்களே,

கடந்த கூட்டத்தில் முடிவெடுக்காமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கு. அடுத்த ஆர்ப்பாட்டத்தை லூனர் ஹவுஸுக்கு முன்னால் வைப்பதா, வேண்டாமா? வேண்டாம் என்றவர்களின் வாதம் லேசானதில்லை. "அங்க இப்ப ஆர் போயினம்? விண்ணப்பம் ஒன்லைனில போகுது, விசா போனில வருது, கைரேகை எடுக்கிறது தனியார் கம்பனி. வெறும் கொங்கிரீட்டுக்கு முன்னால நிண்டு கத்தி என்ன பிரயோசனம்?" என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. இந்த இதழின் ஆசிரியர் தலையங்கம் என் முறை என்பதால், அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன். நகர வரலாறு படிக்கிற ஆள் எழுதினால் கட்டிடத்திலிருந்துதான் தொடங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேறு நாடுகளில் இருந்து வாசிப்பவர்களுக்கு: லூனர் ஹவுஸ் தெற்கு லண்டனில் குரொய்டன் நகர மையத்தில் நிற்கிற 20 மாடி அரசாங்கக் கந்தோர். பிரித்தானிய உள்துறை அமைச்சின், அதாவது ஹோம் ஒஃபிஸின், குடிவரவுப் பிரிவு பல தசாப்தங்களாக அங்கேதான் இருக்கிறது. லண்டன் தமிழ் வீடுகளில் "குரொய்டனுக்குப் போகவேணும்" என்று பெரியாக்கள் சொன்னால் கடைக்குப் போவதைச் சொல்கிறார்களா, கேஸுக்குப் போவதைச் சொல்கிறார்களா என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏன் குரொய்டன்? 1950களில் அது லண்டனுக்கு வெளியே ஒரு தனி நகரம். 1956இல் நகரசபை பாராளுமன்றத்தில் தனக்கென்று ஒரு சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டது. நகர மையத்தில் காணிகளைக் கட்டாயமாக வாங்கி அபிவிருத்திக்குக் கொடுக்கிற அதிகாரம் அதனால் கிடைத்தது. வெலஸ்லி றோட்டின் பழைய வீடுகளும் மரங்களும் போய், நடுவில் சுரங்கப்பாதையோடு பெருஞ்சாலை வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தைப் புறநகருக்கு அனுப்பிவிட்டு அந்த நிலத்தில் விற்கிஃப்ட் சென்ரர் என்ற கடைத்தொகுதியைக் கட்டினார்கள். அதே நேரத்தில் மத்திய லண்டனில் கந்தோர்கள் நெரிபடுகின்றன, அவற்றை வெளியே அனுப்ப வேண்டும் என்பது அரசின் கொள்கையாகவும் ஆனது. 1963இல் அதற்கென்றே ஒரு பணியகம் திறந்தார்கள். ரயிலில் கால் மணி நேரத் தூரத்தில், மலிவான நிலத்தோடு, கேள்வி கேட்காத நகரசபையோடு குரொய்டன் காத்திருந்தது. பத்துப் பதினைந்து வருடத்தில் கண்ணாடியும் கொங்கிரீட்டுமாய் கோபுரங்கள் முளைத்தன. லூனர் ஹவுஸ் 1970இல் முடிந்தது. மனிதன் நிலவில் கால் வைத்த அடுத்த வருடம், அதனால் அந்தப் பெயர். பக்கத்துக் கட்டிடம் அப்பலோ ஹவுஸ். வேற்று ஆட்களை 'ஏலியன்' என்று சட்டத்திலேயே எழுதி வைத்த நாட்டில், அவர்களைப் பதிகிற கந்தோருக்கு இந்தப் பெயர் அமைந்ததை யாரும் திட்டம்போட்டுச் செய்யவில்லை. எண்டாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

கட்டிடம் எழுந்த காலத்தைக் கவனியுங்கள். 1962, 1968, 1971 என்று மூன்று சட்டங்கள், பொதுநலவாய நாடுகளின் கறுப்பு, பழுப்பு மக்களுக்கு பிரித்தானியாவின் கதவை ஒவ்வொன்றாய்ச் சாத்தின. 1968இல் கென்யாவிலிருந்து வந்த ஆசிய மக்களின் கையில் பிரித்தானியக் கடவுச்சீட்டே இருந்தும், வர விடாமல் அவசர அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டம் 1973 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நேற்றுவரை பிரஜையாக வந்தவர், இனி அனுமதி கேட்டு நிற்கும் விண்ணப்பதாரர். இத்தனை விண்ணப்பத்துக்கும் கோப்பு வேண்டும், கோப்புக்கு அலுமாரி வேண்டும், அலுமாரிக்கு மாடி வேண்டும். கோபுரம் தயாராக இருந்தது. வெஸ்ற்மின்ஸ்ரரில் அமைச்சர் முடிவெடுப்பார், மறுப்புக் கடிதம் குரொய்டனிலிருந்து வரும். முகவரியை மாற்றியதே முதல் தந்திரம் என்று நான் நினைக்கிறேன்.

எங்கட ஆக்களின் கோப்புகள் அங்கே குவியத் தொடங்கியது 83க்குப் பிறகு. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் திருப்பி அனுப்பப்பட இருந்த தமிழர்கள் விமான ஓடுபாதைப் பக்கம் உடுப்பைக் கழற்றிப் போராடினார்கள். படம் பத்திரிகைகளில் வந்தது, நீதிமன்றம் விமானத்தை நிறுத்தியது. அரசு செய்த பதில் வேலை என்ன தெரியுமா? அடுத்த மாதமே ஒரு சட்டமூலம். சரியான பத்திரமில்லாமல் ஒரு பயணியை ஏற்றினால் விமானக் கம்பனிக்கு ஆளுக்கு 1,000 பவுண் தண்டம். எல்லைக் காவலை கவுண்டரில் நிற்கிற எயர்லைன் ஊழியருக்குக் கைமாற்றிவிட்டார்கள். அதே வருடம் தமிழர்கள் உட்பட அகதிகளை ஏர்ல் வில்லியம் என்ற பழைய பயணிகள் கப்பலில், ஹாரிச் துறைமுகத்தில், அடைத்து வைத்தார்கள். ஒக்டோபர் பெரும்புயலில் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போய்த் தரைதட்டியது. 2023இல் பிபி ஸ்ரொக்ஹோமைப் பார்த்து "இப்படியும் செய்வார்களா" என்று அதிர்ந்தவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அந்த வருடம் டிசம்பரில் இன்னொன்று நடந்தது. ஆறு தமிழர்களின் வழக்கில் பிரபுக்கள் சபை அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பயப்படுகிறவர் உண்மையாய்ப் பயந்தால் போதாது, அந்தப் பயத்துக்குப் புறநிலையான ஆதாரம் இருக்கிறதா என்று முடிவெடுப்பவர் பார்க்க வேண்டும் என்றது. 1988 பெப்ரவரியில் ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். மேன்முறையீட்டைக் கேட்ட நடுவர் அடுத்த வருடம் சொன்னார்: இவர்களுக்குத் தஞ்சம் கொடுத்திருக்க வேண்டும். திரும்பி வந்தார்கள். ஆனால் அந்த அளவுகோல் போகவில்லை. இன்று உலகின் பல நீதிமன்றங்களில் அகதி வழக்குக்கு அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறார்கள். ஈழத்துப் பெடியளின் பயத்தை அளக்கச் செய்த கோல், பிறகு குர்திஷ், ஆப்கான், சூடான் ஆட்களின் பயத்தையும் அளக்கிறது.

இனி வரிசைக்கு வருவோம். 2000களில் லூனர் ஹவுஸ் என்றால் வரிசை. விடியமுன்னே குழந்தைகளோடு, மழையில், வெலஸ்லி றோட்டோரம். 2003இலிருந்து '55ஆம் பிரிவு' என்ற விதியும் சேர்ந்தது. நாட்டுக்குள் வந்த உடனேயே தஞ்சம் கேட்கவில்லை என்று அதிகாரி நினைத்தால் தங்க இடமும் இல்லை, சாப்பாட்டுக் காசும் இல்லை. காலையில் வரிசையில் நின்றவர் பின்னேரம் தெருவில் படுக்க வேண்டிய நிலை. 2005இல்தான் பிரபுக்கள் சபை இது மனிதாபிமானமற்ற நடத்தை என்று தீர்ப்பளித்தது. அதே வருடம், தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த தெற்கு லண்டன் குடிமக்கள் அமைப்பு, தானே ஒரு விசாரணை நடத்தி லூனர் ஹவுஸ் பற்றி அறிக்கை வெளியிட்டது. அந்த விசாரணை எப்படிச் சாத்தியமானது? வாசல் ஒன்று இருந்தது. வாசலில் ஆட்கள் நின்றார்கள். நிற்கிறவரிடம் தேத்தண்ணி கொடுத்து என்ன நடந்தது என்று கேட்கலாம்.

இப்போது தஞ்சம் கேட்கப் போகிறவர் முதலில் போன் பண்ணி நாள் எடுக்க வேண்டும். வரிசை போனுக்குள் போய்விட்டது. ஒருவருக்குப் பின்னால் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அந்தத் தெருவில் போகிற எவருக்கும் தெரியாது. மழையில் நிற்கத் தேவையில்லாதது நல்லதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் நல்ல லோயரின் பெயர் சொன்ன இடமும் அதோடு போனது.

'கடதாசி இல்லாத கந்தோர்' என்ற கனவும் இந்தக் கோபுரத்துக்குப் புதிதில்லை. 1996இல் சீமென்ஸ் கம்பனியோடு 77 மில்லியன் பவுண் ஒப்பந்தம் போட்டார்கள், கோப்பெல்லாம் கணினிக்குப் போகும் என்று. கணினி வேலை செய்ய முன்னமே, அனுபவமுள்ள ஊழியர்களைக் குறைத்தார்கள். கணினி வேலை செய்யவில்லை. 1999 ஆகும்போது முடிவில்லாத தஞ்ச விண்ணப்பங்கள் பல பத்தாயிரம். 2001இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். பிறகு 2010இல், விற்கிஃப்ட் சென்ரர் நிலவறையில் வைத்திருந்த, 50களிலும் 60களிலும் கப்பலில் வந்த கரீபியன் மக்களின் தரையிறங்கல் அட்டைகளை, அந்தக் கட்டிடத்தை விட்டு வெளிக்கிடும்போது அழித்தார்கள். சில வருடங்களில் அதே மக்களிடமே "நீ இங்கே இருந்ததற்கு ஒவ்வொரு வருடத்துக்கும் ஆதாரம் கொண்டா" என்று கேட்டார்கள். 2018 விண்ட்ரஷ் ஊழல் அதுதான்.

2018இல் கைரேகையும் ஆவணப் பதிவும் சொப்ரா ஸ்ரீரியா என்ற தனியார் கம்பனிக்குப் போனது. 2024 டிசம்பர் 31ஓடு பெரும்பாலான வதிவிட அட்டைகள் காலாவதியாகி, ஈ-விசா வந்தது. கையில் ஒன்றும் இல்லை. வேலைக்கோ வீட்டுக்கோ நிரூபிக்க 90 நாள் செல்லுபடியாகிற ஒரு கோட் எடுத்துக் கொடுக்க வேண்டும். அது அவர்களின் சேர்வரில் இருக்கிறது, அவர்கள் திறந்தால்தான் திறக்கும். இன்னொரு பக்கம், பிணையில் இருக்கிறவர்களின் காலில் ஜிபிஎஸ் பட்டி. 600 பேர்வரை அப்படிக் கட்டிய ஒரு பரீட்சார்த்தத் திட்டம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியது என்று 2024 மார்ச்சில் தகவல் ஆணையகம் சொன்னது. ஆட்கள் கந்தோருக்குப் போன காலம் முடிந்து கந்தோர் ஆட்களின் காலில் வந்து ஏறியிருக்கிறது.

ஆக "அங்க ஆர் போயினம்" என்ற கேள்விக்கு என் பதில்: வேலைக்குப் போகினம். இதை நாங்கள் அடிக்கடி மறக்கிறோம். அங்கே வேலை செய்கிற எழுத்தர்களில் குடியேறிகளின் பிள்ளைகள் எத்தனையோ பேர், எங்கட ஆக்களும் அதில் அடக்கம். சம்பளம் பெரிசில்லை. அவர்களின் சங்கமான பிசிஎஸ், கால்வாயில் படகுகளைத் திருப்பித் தள்ளுகிற திட்டத்துக்கு எதிராக வழக்குப் போட்டது. 2022 ஏப்ரலில் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ருவாண்டா திட்டத்துக்கு எதிராக முதலில் நீதிமன்றம் போனவர்களிலும் அந்தச் சங்கம் இருந்தது. தரையிறங்கல் அட்டைகளை அழித்த கதை வெளியே வந்ததும் ஒரு முன்னாள் ஊழியர் பத்திரிகைக்குச் சொன்னதால்தான். எங்கள் பழைய பதாகைகளில் அந்த ஊழியர்களை 'கைக்கூலிகள்' என்று எழுதியிருந்தோம். அந்த வார்த்தையை இந்த முறை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கிறேன். மறுப்புக் கடிதத்தில் கையெழுத்து வைக்கிறவருக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்தக் கையெழுத்தை வைக்க மறுக்கக்கூடியவரும் அவர்தான் என்கிறேன்.

அதனால் என் முன்மொழிவு இது. ஆர்ப்பாட்டம் லூனர் ஹவுஸ் முன்னால்தான், ஆனால் சனிக்கிழமை வேண்டாம். சனிக்கிழமை எங்களுக்கு வசதி, கட்டிடத்துக்கும் வசதி. வேலைநாளில், காலை எட்டு மணிக்கு, ஈஸ்ற் குரொய்டன் ஸ்ரேசனிலிருந்து ஊழியர்கள் நடந்து வருகிற பாதையில் நிற்போம். சங்கக் கிளைக்கு முன்கூட்டியே கடிதம் எழுதுவோம். ஹோம் ஒஃபிஸுக்கென்று ரஸ்கின் ஸ்குவெயரில் புதுக் கட்டிடமும் எழும்பியிருக்கிறது, ஸ்ரேசனோடு ஒட்டினது, ஆகவே துண்டுப்பிரசுரம் அந்தப் பக்கமும் போக வேண்டும். பின்னேரம் வெஸ்ற் குரொய்டன் லண்டன் றோட் தமிழ்க் கடைகளுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, ஈ-விசா கணக்குத் திறக்கத் தெரியாத அம்மா அப்பாக்களுக்கு உதவுவோம். திறந்ததும் திரையைப் பிரின்ற் எடுத்து, திகதி எழுதி, பழைய அட்டையோடும் கடிதங்களோடும் ஒரு கோப்பில் போட்டுக் கையில் கொடுப்போம். சட்டப்படி அந்தப் பிரின்ற் எதையும் நிரூபிக்காது என்று எனக்குத் தெரியும். நாளைக்கு அவர்களின் சேர்வரில் ஒன்று பிழைத்தால் சட்டத்தரணிக்குக் காட்ட ஏதாவது இருக்கும்.

பிரின்ரர் ஒன்று தேவை. இருக்கிற ஆக்கள் அடுத்த கூட்டத்துக்கு முன்னம் பதில் போடுங்கோ.