பந்தாட்டச் செலவும் ஆற்றுப்படையும்

கல்லூரி மாணவர் உதைபந்தாட்டப் போட்டிக்காகக் கொழும்புக்குச் செல்வதற்கும், பழந்தமிழ்ப் பாணன் வள்ளலை நாடிச் சென்றதற்கும் யாது தொடர்பு என்று வினவுவார் உளராகலாம். தொடர்பு உண்டு என்பதே என் துணிபு. இரண்டும் முன்பின் அறியாத நகரை நோக்கிய செலவுகள். முன்னதற்கு நம் முன்னோர் வழிகாட்டும் இலக்கியமே படைத்து வைத்தனர். பின்னதற்கு நாம் ஒரு தாள் தானும் எழுதி வைத்தோமில்லை. அதனால் நேரும் இழப்பு ஆட்டக்களத்தோடு நின்றுவிடுவதன்று. அதனையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

பத்துப்பாட்டினுள் அடங்கிய பத்து நூல்களுள் ஐந்து ஆற்றுப்படைகள். கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாமையும் சேர்த்தே ஐந்து என்கிறேன். தொகையிற் சரிபாதியை வழிகாட்டும் பாட்டுக்கு ஒதுக்கிய ஒரு மரபு நம்முடையது. ஆற்றுப்படையின் இலக்கணத்தை மாணவர் மனனம் செய்து ஒப்புவிப்பர். பரிசில் பெற்று மீள்பவன், பெறாது எதிர்ப்படுபவனைக் கண்டு, தான் சென்ற வழியையும் பெற்ற வளத்தையும் கூறி, நீயும் செல்க என்று விடுப்பது. இவ்விலக்கணத்தில் உயிரான பகுதி யாது? பேசுபவன் போய் மீண்டவன் என்பதே. கேள்வியுற்றவன் பேசவில்லை, கணித்தவன் பேசவில்லை, கால் தேய நடந்து கண்டவனே பேசுகிறான்.

அவன் பேசுவனவும் வெறும் புகழ்ச்சி அல்ல. இருநூற்று அறுபத்தொன்பது அடிகள் கொண்ட சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார், ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழியில் எயிற்பட்டினத்தில் நுளையர் சுட்ட மீன் தருவர் என்றும், வேலூரில் எயிற்றியர் புளிச்சோறு அளிப்பர் என்றும், ஆமூரில் உழவர் மனையில் வெண்சோறும் நண்டுக் கறியும் கிடைக்கும் என்றும் ஊர் ஊராகச் சொல்கிறார். பசித்துச் செல்வோனுக்கு வேண்டிய செய்தி இதனினும் யாது? மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனாரோ, பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ளன, இருளில் நடவாதீர், விடிந்தபின் செல்க என்கிறார். தினைப்புனங் காப்போர் கவணெறியும் கல்லுக்கு விலகுமாறும், வழுக்குமிடத்தில் கொடியைப் பற்றிச் செல்லுமாறும் எச்சரிக்கிறார். உணவு, உறையுள், இடர், காலம் என்னும் நான்கும் அங்கே அமைந்துள்ளன. ஓர் அணியை வெளியூருக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு வேண்டுவனவும் இந்நான்கே.

இனி நம் வன்னி நிலத்துக்கு வருவோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் கல்லூரிகள் மாவட்ட மட்டத்தில் வென்று, மாகாண மட்டத்தைத் தாண்டினால் அகில இலங்கைப் போட்டிக்குத் தெற்கே செல்லும் வாய்ப்புப் பெறும். அவ்வாய்ப்பு வரும்போது அணியிற் பெரும்பாலோர்க்கு அதுவே தலைநகரை முதன்முதற் காணும் செலவாகவும் அமைவதுண்டு. பிள்ளைகளுக்கு மட்டுமன்று; அவர்தம் பெற்றோர் பலர்க்கும் கொழும்பு கேள்விப்பட்ட ஊரேயன்றிக் கண்ட ஊர் அன்று. இதற்குக் காரணம் சோம்பலும் அன்று. வறுமை மட்டுமும் அன்று.

1990 ஆம் ஆண்டிலே வவுனியாவுக்கு வடக்கே புகைவண்டி ஓடாது நின்றது. கண்டி வீதியும் அடைபட்டது. 2002 இல் வீதி திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடிற்று. 2009 இல் போர் ஓய்ந்த பின்னரே மக்கள் தம் ஊர்களுக்கு மீளத் தொடங்கினர். இருப்புப்பாதை கிளிநொச்சியை மீண்டும் எட்டியது 2013 செப்டம்பரில். யாழ்ப்பாணத்தை எட்டியது 2014 அக்டோபரில். இக்காலக் கணக்கை நோக்குக. ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் போய் மீண்டு வந்து வழி சொல்லுவார் அருகினர். தண்டவாளத்தை மீள இட்டுவிட்டோம்; வீதிக்குத் தார் இட்டுவிட்டோம்; ஆனால் தந்தை மகனுக்கும் மூத்த மாணவன் இளைய மாணவனுக்கும் சொல்லும் வழிச்சொல் அறுந்தபடியே கிடக்கிறது. அதனை முடிந்து தருவது எந்தத் திணைக்களத்தின் வேலையும் அன்று. அது நம் வேலை.

யான் ஓர் அணியுடன் துணையாகச் சென்றிருந்தபோது நிகழ்ந்ததைச் சொல்லுகிறேன். இரவெல்லாம் பஸ் வண்டியில் இருந்து, விடியற்காலை நான்கு மணிக்குத் தங்குமிடமாகக் குறிக்கப்பட்ட ஒரு கட்டடத்தின் வாயிலை அடைந்தோம். வாயில் பூட்டிக் கிடந்தது. காவலாளிக்கு எங்கள் வருகை அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. பிள்ளைகள் தத்தம் பைகளின்மேல் தலைசாய்த்து நடைபாதையிலேயே இருந்தனர். ஆறரை மணிக்கு வாயில் திறந்தது. எட்டரை மணிக்கு ஆட்டம். முதற் பாதியிலேயே பிள்ளைகளின் கால்கள் கனத்தன; தோற்றோம். தோல்வியைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. ஆட்டத்தில் ஒருவர் தோற்றே ஆகவேண்டும். ஊர் திரும்பிய பின்னர் அயற்பாடசாலை ஆசிரியர் ஒருவர் கூறியதே மனத்தைத் தைத்தது. முந்திய ஆண்டு அவர்களுடைய அணியும் அதே வாயிலில் அதே நிலையில் நின்றதாம். அவர்கள் அறிந்திருந்தனர், எங்களுக்குத் தெரியவில்லை. இரு பாடசாலைகளுக்கும் இடையே உள்ள தூரம் துவிச்சக்கர வண்டியில் அரைமணி நேரம்.

பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்குமாறு அதிபர்களை வேண்டுகிறேன். இன்ன தேதியில் அணி கொழும்பு சென்றது, இத்தனை இலக்கு வித்தியாசத்தில் வென்றது அல்லது தோற்றது என்று ஒரு வரி இருக்கும். எந்த வண்டியில் சென்றனர், எங்கே உண்டனர், எங்கே உறங்கினர், எது தவறியது, யார் உதவினர் என்பன இரா. ஆகவே ஆண்டுதோறும் ஓர் ஆசிரியர் புதிதாகத் திகைக்கிறார். ஆண்டுதோறும் ஒரு தாய் புதிதாக அஞ்சுகிறாள். அவ்வச்சத்தினால் ஒப்பக் கடிதத்தில் கையொப்பமிட மறுக்கும் பெற்றோரும் உளர். பெண்பிள்ளைகளின் அணியாயின் அவர் தொகை மிகும். மறுப்பது பிழை என்று அவர்களைக் கடிவது எளிது. பிள்ளை எங்கே உறங்கும், யார் காவல் என்று அவர்கள் கேட்கும்போது நம்மிடம் எழுத்தில் விடை உண்டா?

ஆதலின் என் முறையீடு இது. வெளியூர் சென்று மீளும் ஒவ்வோர் அணியும், மீண்ட ஒரு கிழமைக்குள், அடுத்து வரும் அணிக்கென ஓர் உரைநடை ஆற்றுப்படை எழுதி வைத்தல் வேண்டும். எழுதுவோர் மாணவராகவே இருத்தல் வேண்டும். ஆசிரியர் திருத்தலாம், எழுதுதல் ஆகாது. ஏனெனில் நடைபாதையில் இருந்தவனுக்குத்தான் நடைபாதையின் குளிர் தெரியும்.

அதில் என்ன இருத்தல் வேண்டும்? முல்லைத்தீவு நகர்ப்புறத்தார்க்கு அண்மையில் இருப்புப்பாதை இல்லை. ஏறக்குறைய 50 கிலோமீற்றர் கடந்து மாங்குளத்தை அடைந்த பின்னரே கண்டி வீதியும் புகைவண்டியும் கிட்டும். அந்த முதற் பஸ் எப்போது புறப்படும் என்பது முதல் வரியாகட்டும். கோட்டைப் புகையிரத நிலையம் என்பது புறக்கோட்டையில் உள்ளது என்பதை இரண்டாம் வரியாக எழுதலாம். பெயரை நம்பித் திகைப்பவர் பலர். ஆட்டம் நகரின் வடபாலுள்ள சுகததாச விளையாட்டரங்கிலா, கறுவாத்தோட்டத்துக் குதிரைப்பந்தயத் திடலிலா என்பதைப் பொறுத்துத் தங்குமிடமும் பஸ் வழியும் மாறும். குடிநீர், உடைமாற்றும் அறை, பெண்பிள்ளைகளுக்கான கழிப்பறை, காலை ஐந்து மணிக்கே அடுப்பு மூட்டும் கடை, காயம்பட்டால் அழைத்துச் செல்லவேண்டிய இடம், கொண்டுசெல்ல வேண்டிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, வலயக் கல்விப் பணிமனையின் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டிய காலம் ஆகிய யாவும் வேண்டும். வழி கேட்கவும் நன்றி கூறவும் பத்துச் சிங்கள வாக்கியங்களும் தமிழெழுத்தில் இருக்கட்டும். தலைப்பில் ஆண்டு குறித்தல் இன்றியமையாதது. ஏனெனில் வழிகள் மாறும். 2023 ஜனவரியில் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையே பாதை திருத்தத்துக்காகப் புகைவண்டி சில திங்கள் நிறுத்தப்பட்டதை மறத்தல் ஆகாது. பழைய ஆற்றுப்படையை நம்பிச் சென்றவன் வெறும் நிலையத்தில் நிற்பான்.

கைத்தொலைபேசியிலே உலகப் படம் முழுதும் இருக்க இஃது எதற்கு என்பர் இளைஞர். படம் வாயில் எங்குள்ளது என்று காட்டும். அது பூட்டியிருக்கும் என்று சொல்லாது. கடையைக் காட்டும், இருபது பேருக்குக் கடன் சொல்லி உணவிட்ட முதலாளியின் நற்குணத்தைக் காட்டாது.

செலவு அதிகமாகும் என்பர் வேறு சிலர். செலவு என்னும் சொல் பழந்தமிழிற் பயணத்தைக் குறித்தது. இன்று பணம் போவதைக் குறிக்கிறது. நம் பாடசாலைக் கூட்டங்களில் பின்னைய பொருள் மட்டுமே பேசப்படுகிறது. அத்தனை தொலைவு பிள்ளைகளைக் கொண்டுசென்று, தொண்ணூறு மணித்துளி ஆடவைத்து, அன்றிரவே வண்டியேற்றுவதுதான் உண்மையான பணவிரயம். முன்னரே வழி தெரிந்திருந்தால் அரைநாள் மிஞ்சும். குதிரைப்பந்தயத் திடலிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில், 1877 இல் திறக்கப்பட்ட நூதனசாலை உள்ளது. வெள்ளவத்தையில், 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் உள்ளது. தலைநகர் தனக்கு அந்நியம் அன்று என்பதை ஒரு மாணவன் அரைநாளில் உணரக்கூடும். அவ்வுணர்வு வென்ற கிண்ணத்தினும் நெடுநாள் நிற்கும்.

அந்நூதனசாலையிலே ஒரு கல் இருக்கிறது. 1911 இல் காலி நகரிற் கண்டெடுக்கப்பட்டது. 1409 ஆம் ஆண்டுக்குரியது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொணர்ந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டுள்ளது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது. கடல்கடந்து வந்தவன், வந்த கரையிற் பழகும் மொழிகளை மதித்துக் கல்லிற் பொறித்து வந்தான். மாணவர் அக்கல்லின் முன் நின்று இதனைச் சிந்திப்பாராக.

சிந்தித்தால் இன்னொரு கடமையும் புலப்படும். தென்னிலங்கை அணிகளும் நம் திடல்களுக்கு வரவேண்டியவை. அவர்தம் தாய்மாரும் வன்னி என்ற பெயரைக் கேட்டு அஞ்சுவர். பிள்ளை எங்கே உறங்கும் என்று கேட்பர். அவர்களுக்கென ஓர் ஆற்றுப்படையை நம் மாணவர் சிங்களத்தில் எழுதட்டும். எந்தச் சந்தியில் இறங்குவது, எந்தக் கிணற்று நீர் குடிக்கத்தக்கது, எந்த வீட்டில் இடியப்பமும் சம்பலும் கிடைக்கும் என்று அதில் இருக்கட்டும். கடைசி வரியாக, எங்கள் கல்லூரி வாயில் நீங்கள் வரும் இரவு பூட்டப்படாது என்று எழுதி, அவ்வாறே திறந்தும் வைக்கட்டும்.