ராட்டினத்தைக் கழட்டாதீங்க சார்!

ராட்டினம் உச்சிக்குப் போனதும் நிற்கும். ஏன் தெரியுமோ? பழுதும் இல்லை, பயமுறுத்துவதற்கும் இல்லை. கீழே ஒரு பெட்டியில் பழைய ஆள் இறங்கி, புது ஆள் ஏறிக்கொண்டிருக்கிறார். அதுவரைக்கும் நீங்கள் அந்தரத்தில் ஆட வேண்டியதுதான். அந்த அரை நிமிஷத்தில் எத்தனை பேர் காதலைச் சொல்லியிருக்கிறார்கள், எத்தனை பேர் 'ஐயோ, கீழே பாக்காதீங்க' என்று பக்கத்துக் கையைப் பிடித்திருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால், தமிழ்நாட்டில் பாதிக் கல்யாணங்களில் முதல் தாம்பூலப் பை ராட்டினக்காரருக்குத்தான் போக வேண்டும்!

அந்த அரை நிமிஷத்துக்கு இப்போது ஆபத்து. பொழுதுபோக்குப் பூங்காக்களில் பழைய ராட்டினம், மரக் குதிரை, சுற்றும் கோப்பை எல்லாவற்றையும் கழட்டிவிட்டு, ஆளைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கும் யந்திரங்களாக நடுகிறார்கள். கேட்டால், "ஜனங்க த்ரில் கேக்கறாங்க சார்!"

படப்பையில் குடியிருப்பவனுக்கு த்ரில்லைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று தோன்றும். காலை எட்டு மணி தாம்பரம் பஸ்ஸில், படிக்கட்டில் ஒற்றைக் காலை மட்டும் வைத்துத் தொங்கும்போது, எதிரே ஒரகடம் போகிற கன்டெய்னர் லாரி காதோரம் உரசுகிற மாதிரி வருமே... அதற்கு எந்தப் பூங்கா ஈடு?

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பூங்கா என்றால் கிஷ்கிந்தாதான். 1995-ல் தாம்பரத்துக்கு மேற்கே வந்தது. ஆரம்பித்தவர் நவோதயா அப்பச்சன். 1984-ல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்று இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தை எடுத்து, குழந்தைகளைச் சுவரிலும் கூரையிலும் நடக்கவிட்டாரே, அவரேதான். ஒரு குடும்பத்தை மொத்தமாக எப்படி வாயைப் பிளக்க வைப்பது என்று தெரிந்த மனுஷர். அந்த நாளில் எங்க அத்தை, பேரனை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, மூன்று தடவை ராட்டினம் சுற்றினார். "காத்து நல்லா வருதுடா, இன்னொரு சீட்டு வாங்கு" என்றார்.

போன வருஷம் அதே அத்தையை வேறொரு பூங்காவுக்குக் கூட்டிப் போனோம். வாசலிலேயே ஒரு அளவுக் கம்பு. அதற்குக் கீழே இருந்தால் அனுமதி இல்லை. பி.பி. இருந்தால் இல்லை. முதுகுவலி, இதயக்கோளாறு, கர்ப்பம்... இல்லை, இல்லை, இல்லை. பலகையைப் படித்து முடித்தபோது எங்கள் பதினோரு பேரில் ஏற யோக்கியதை உள்ளவர்கள் நாலே பேர். பழைய ராட்டினம் இருந்த இடம் எது என்று கேட்டேன். நாங்கள் நின்றுகொண்டிருந்த க்யூதான் அது! அத்தை நிழலில் உட்கார்ந்து பதினோரு செருப்பு ஜோடிகளுக்கும் மூன்று கைப்பைகளுக்கும் காவல் காத்தார். அவருக்கும் டிக்கெட் வாங்கியிருந்தோம் என்பதுதான் விசேஷம்.

முதலாளி பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ராட்டினப் படம் போட்ட ஹோர்டிங்கைப் பார்த்து யார் வண்டியைத் திருப்புவார்கள்? 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வண்டர்லா வந்துவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் ஆளைத் தொங்கவிட்டுக் கவிழ்க்கிற ரோலர் கோஸ்டர் அங்கே. பக்கத்துக் கடையில் பிரியாணி போடும்போது, நம்ம கடையில் இட்லி மட்டும் போதுமா என்ற கவலை யாருக்கும் வரும்.

ஆனால் புதுசு என்பதாலேயே உசத்தி ஆகிவிடாது. 2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் ஒரு புது யந்திரத்தை ஓட்டிப் பார்க்கும்போது விபத்து. ஊழியர் ஒருவர் உயிரே போய்விட்டது. 2025 மே மாதம் ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி.யில் ராட்சத யந்திரம் பாதியில் நின்று, ஏறினவர்கள் மணிக்கணக்கில் மேலேயே தவித்தார்கள். தீயணைப்புத் துறை வந்துதான் இறக்கியது. அதற்காகப் பழசெல்லாம் பத்திரம் என்றும் இல்லை. துருப் பிடித்த போல்ட்டுக்கு வயசு வித்தியாசம் தெரியாது. தினமும் சாவியும் கையுமாகச் சோதிக்கிற ஆள்தான் பத்திரம்.

அமெரிக்காவிலும் இதே கூத்துதான். ஃப்ளோரிடா டிஸ்னியில் 1971-லிருந்து 'மிஸ்டர் டோட்' என்று ஒரு சவாரி. டோட் என்றால் தேரை. தாறுமாறாகக் கார் ஓட்டும் தேரை! அதை எடுக்கப் போகிறார்கள் என்றதும் ரசிகர்கள் பச்சை பனியன் போட்டுக்கொண்டு போய் எதிர்ப்புக் காட்டினார்கள். பலிக்கவில்லை. 1998 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். அப்புறம் மனசு கேட்காமல், பேய் மாளிகையில் செல்லப் பிராணிகளுக்கென்று இருக்கிற விளையாட்டுச் சுடுகாட்டில் தேரைக்கும் ஒரு சிலை வைத்தார்கள். சமாதி கட்டுவதில் நம்ம ஊரை மிஞ்சிவிட்டார்கள்.

ஆனால் நியூயார்க் கோனி தீவில் வேறு கதை. 'சைக்ளோன்' என்ற மர ரோலர் கோஸ்டர், 1927-ல் வந்தது. எழுபதுகளில், பக்கத்து மீன் காட்சிசாலையை விஸ்தரிக்க அதை இடித்துவிடலாம் என்று யோசனை. ஊர் ஜனங்கள் விடவில்லை. 1975-ல் பழுது பார்த்துத் திரும்ப ஓடியது. 1988-ல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவே ஆகிவிட்டது. கவனியுங்கள், 1927-ல் அதுவும் 'த்ரில்'தான். அன்றைய பிரியாணி, இன்றைக்குப் பாட்டி கைப்பக்குவம்!

ஆகவே இளைஞர்களே, நான் த்ரில்லுக்கு விரோதி இல்லை. தாராளமாகக் கவிழுங்கள். என் கோரிக்கை பூங்காக்காரர்களுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று.

அவர்களுக்கு: புதுசை எங்கே வேண்டுமானாலும் நடுங்கள். அளவுக் கம்பு இல்லாமல், பாட்டியும் பேரனும் ஒரே பெட்டியில் உட்காருகிற ஒன்றையாவது விட்டுவையுங்கள்.

உங்களுக்கு: அடுத்த தடவை ஆபீஸ் கும்பலோடு போகும்போது, வெட்கப்படாமல் ஒரு தடவை ராட்டினத்துக்கும் க்யூவில் நில்லுங்கள். எதைக் கழட்டலாம் என்று தீர்மானிக்கிறவர் உங்கள் ஞாபகங்களை எண்ண மாட்டார். க்யூவில் இருக்கிற தலைகளைத்தான் எண்ணுவார்.

தலைகீழாகத் தொங்குவதற்கு நமக்கு மாசக் கடைசி இருக்கவே இருக்கிறது!