போர்டு வாங்கும் முன் டீபக் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் கேம்ஸ், இன்டர்நெட் என்று நாட்கள் ஓடிவிடும். அது அலுத்த பிறகு சிலருக்கு எலக்ட்ரானிக்ஸ் பக்கம் ஆசை திரும்பும். "எந்த மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாங்கலாம்?" என்று கேட்டால், கடைக்காரர் யோசிக்காமல் ஆர்டினோ ஊனோவை எடுத்து நீட்டுவார். நான் அப்படிச் சொல்வதில்லை. சிப் ஓடிக் கொண்டிருக்கும்போதே அதை நிறுத்தி உள்ளே பார்க்கும் டீபக் வசதி உள்ள போர்டைத்தான் வாங்கச் சொல்கிறேன்.

என் கல்லூரி அனுபவம்தான் காரணம். இறுதி ஆண்டு ப்ராஜெக்ட்டாக, தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் கருவியை ஊனோவில் செய்தோம். திடீரென்று மோட்டார் தானாகவே ஓடத் தொடங்கும். என்ன நடக்கிறது என்று பார்க்க, புரோகிராமில் ஒரு பிரிண்ட் வரியைச் சேர்த்தால் கோளாறு மறைந்துவிடும். வரியை நீக்கினால் திரும்ப வந்துவிடும்! ரிலேயை மாற்றினோம், வயரை மாற்றினோம், அடாப்டரையும் மாற்றினோம். மூன்று இரவுகள் வீண்.

தவறு என்னுடையதுதான். பத்து இடங்கள் உள்ள அர்ரேயில் பதினொன்றாவது இடத்தில் எழுதியிருந்தேன். மெமரியில் அதற்கு அடுத்து இருந்தது, மோட்டார் ஓட வேண்டுமா என்று சொல்லும் வேரியபிள். பிரிண்ட் வரி சேர்ந்ததும் வேரியபிள்கள் இடம் மாறின. கோளாறும் ஒளிந்து கொண்டது. டீபக்கர் இருந்திருந்தால், "இந்த வேரியபிளில் எந்த வரி எழுதினாலும் நிறுத்து" என்று சொல்லியிருப்பேன். குற்றவாளி வரி அன்றைக்கே சிக்கியிருக்கும்.

ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்பிலும் டீபக் வசதி உண்டு. ஆனால் அதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டும். போர்டில் ரீசெட் பின்னுக்குப் போகும் ஒரு தடத்தையும் வெட்ட வேண்டும். புதியவர் செய்யும் வேலையா இது? (2023ல் வந்த ஊனோ ஆர்4 மினிமாவில் டீபக் பின்கள் தனியாகவே உள்ளன.)

என் ஓட்டு ராஸ்பெர்ரி பை பிக்கோவுக்கு. 2021ல் 4 டாலர் விலையில் வந்தது. டீபக் செய்ய மூன்று பின்கள் தனியாகத் தந்திருக்கிறார்கள். கூடுதலாக இன்னொரு பிக்கோ வாங்கினால் அதுவே டீபக்கர் ஆகிவிடும். அதன் பட்டனை அழுத்தியபடி யு.எஸ்.பி.யில் செருகினால் பென் டிரைவ் போலத் தெரியும். டீபக்கருக்கான பைலை அதில் காப்பி செய்தால் போதும். பிறகு இரண்டு போர்டுகளையும் மூன்று வயர்களால் இணைத்து, கம்ப்யூட்டரில் இலவச விஷுவல் ஸ்டுடியோ கோட் சாப்ட்வேரைப் போட்டுக் கொள்ளுங்கள். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் பின்கள் பொருத்தப்பட்டே வரும் பிக்கோ எச் வகையைக் கேளுங்கள்.

வை-பை வேண்டும் என்றால் ஈ.எஸ்.பி.32-சி3 அல்லது எஸ்3. டீபக்கர் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் போர்டின் யு.எஸ்.பி. சாக்கெட் நேராகச் சிப்போடு இணைந்திருக்கிறதா என்று விசாரித்து வாங்குங்கள். இடையில் வேறு சிப் இருந்தால் ஒரே கேபிளில் வேலை ஆகாது.

ஊனோவுக்குத்தான் புத்தகங்களும் உதாரணங்களும் அதிகம் என்பார்கள். உண்மைதான். எல்.ஈ.டி.யை மினுக்கிப் பார்க்க அது தாராளமாகப் போதும். ஆனால் அதைத் தாண்டி சொந்தமாக நூறு வரி எழுதும்போது, எந்தப் புத்தகத்திலும் இல்லாத தவறு நம்மிடம்தானே வரும்?

ஒன்றை மறந்துவிடாதீர்கள். டீபக்கரில் புரோகிராமை நிறுத்தினால் பின்கள் அப்போது இருந்த நிலையிலேயே நிற்கும். மோட்டார் ஓடிக் கொண்டிருந்தால் ஓடிக் கொண்டே இருக்கும். எனவே சோதிக்கும் வரை மோட்டாரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ரெசிஸ்டருடன் ஒரு எல்.ஈ.டி.யை மாட்டி வையுங்கள்.