பொய் நிறமா?

மொட்டை மாடித் தொலைநோக்கியில் நான் எடுக்கும் நெபுலா படங்களைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் கம்ப்யூட்டரில் பூசிய கலர்தானே சார்?" என்று கேட்பவர்கள் உண்டு. நிறம் நாம் கொடுத்ததுதான். ஆனால் பொய் இல்லை என்பது என் கட்சி.

நெபுலாவில் ஹைட்ரஜன் 656 நானோமீட்டரிலும், கந்தகம் 672-லும், ஆக்சிஜன் 501-லும் ஒளிர்கின்றன. அந்தந்த ஒளியை மட்டும் விடும் ஃபில்டரைப் போட்டு, கறுப்பு வெள்ளையில் தனித்தனியாக எடுக்கிறோம். தெருவிளக்கு வெளிச்சத்தில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். ஊருக்குள்ளிருந்தே எடுக்க முடிவது அதனால்தான்.

ஹைட்ரஜன், கந்தகம் இரண்டுமே சிவப்பு. அப்படியே காட்டினால் எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று பிரித்துக் கொடுக்கிறோம். 1995-ல் ஹப்பிள் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படமும் இந்த முறையில் வந்ததே.

பள்ளிக்கூட அட்லஸில் சமவெளி பச்சை, மலை பழுப்பு. அதை யாரும் பொய் என்பதில்லை. ஓரத்தில் விளக்கம் இருக்கிறது. நம் ஆட்கள் படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். குறை அங்கேதான். எந்த நிறம் எந்தத் தனிமம் என்று கீழே ஒரு வரி எழுதிவிட்டால், சந்தேகப்படுகிறவருக்கும் பதில் கிடைத்துவிடும்.