கதை யாருடையது?

"டீச்சர், பிள்ளைங்க கையில போனைக் கொடுக்காதீங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. இப்ப நீங்களே போன்ல வீட்டுப்பாடம் கொடுத்தா, நாங்க என்னதான் செய்யிறது?"

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தகப்பனார் இப்படிக் கேட்டார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் தாங்கள் கேட்க நினைத்ததை அவர் கேட்டுவிட்டார் என்று என்னைப் பார்த்தார்கள். அன்று நான் சொன்ன பதில் அரைகுறை. இம்மாதம் இந்தப் பக்கத்தில் முழுமையாகச் சொல்லப் பார்க்கிறேன். அதற்குள் என் தவறு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் கொடுத்த வேலை இதுதான். வீட்டில் இருக்கிற பழைய பொருள் ஒன்றைப் படம் எடு. அதைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேள். கேட்டதை எழுது. எழுதியதை உன் குரலில் படித்துப் பதிவு செய். எட்டுப் பத்துப் படங்களை அந்தக் குரலோடு சேர்த்து இரண்டு நிமிடப் படமாக்கு. இதற்கு 'மின்னியல் கதை சொல்லல்' என்று பெரிய பெயர் இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டானா ஆட்ச்லி என்ற கலைஞரும், ஜோ லாம்பர்ட் என்ற நாடகக்காரரும் சில நண்பர்களோடு சேர்ந்து 1990களின் முற்பாதியில் இதைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2001இல் பி.பி.சி. இதை வேல்ஸ் நாட்டுக்குக் கொண்டுபோய், சிற்றூர்களில் சாதாரண மக்களை உட்கார வைத்துத் தங்கள் கதையைத் தாங்களே படமாக்கச் செய்தது. நடிகரும் வேண்டாம், பெரிய கேமராவும் வேண்டாம். வீட்டு ஆல்பத்துப் படமும் சொந்தக் குரலும் போதும்.

பெற்றோர்களே, இதில் கைப்பேசிக்கு இருக்கிற வேலை கடைசி அரை மணி நேரம்தான். அதற்கு முன் பிள்ளை கேட்க வேண்டும், எழுத வேண்டும், அடித்துத் திருத்த வேண்டும். இரண்டு நிமிடம் பேச ஏறக்குறைய 200 சொற்கள் போதும். 600 சொல் எழுதி வந்த பிள்ளை எதை விடுவது என்று பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டுமே! கட்டுரைப் பாடத்தில் நான் பத்துத் தடவை சொல்லியும் ஏறாதது அங்கே ஏறுகிறது.

முதல் தடவை வந்த படங்களில் பாதி வேறு மாதிரி இருந்தன. சினிமாப் பாட்டு ஒன்று பின்னால் அலற, இணையத்தில் எடுத்த படங்கள் பறந்து பறந்து வந்தன. பிள்ளையின் குரலையே காணோம். "பாட்டு யாருடையது?" என்று கேட்டேன். "யூடியூப்புடையது டீச்சர்" என்றான் ஒருவன்! பாட்டுக்கு எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது அவனுக்கு அன்றுதான் தெரியும். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பாடத்தை விளக்குவதற்காக நியாயமான அளவில், உரியவர் பெயரைச் சொல்லி எடுத்தாள இடம் தருகிறது. அதையே டிக்டாக்கில் போட்டு ஊருக்குக் காட்டுவது வேறு விஷயம். உரிமைக்காரரே 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று முன்கூட்டியே அனுமதித்து வைத்த இசையும் படமும் உண்டு. 2002 முதல் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்ற முத்திரையோடு அவை வருகின்றன. அவற்றைத் தேடக் கற்றுக் கொடுத்தேன்.

பழைய கதையைக் கலைத்துப் புதிதாகச் சொல்லும் வேலையும் கொடுத்தேன். 'ரீமிக்ஸ்' பாட்டு கேட்டிருப்பீர்கள், அதே மாதிரிதான். நாட்டுப்புறக் கதைக்குத் தனி உரிமைக்காரர் இல்லை, ஆகவே பயமில்லை. மலாய்ப் பாடத்தில் வரும் சாங் கஞ்சில், அரசர் எண்ணச் சொன்னார் என்று முதலைகளை ஏமாற்றி, அவற்றின் முதுகில் மிதித்து ஆற்றைக் கடக்குமே, அந்தக் கதையை ஒரு பையன் முதலையின் வாயால் சொன்னான். "எங்கள் முதுகில் ஏறிப் போனான். அக்கரையில் நின்று சிரித்தான். நாங்கள் இன்னும் வரிசையில் நிற்கிறோம்" என்று முடித்திருந்தான். வகுப்பில் மூன்று தடவை போட்டுக் காட்டினேன்.

இனி என் தவறு.

ஒரு மாணவி தன் பாட்டியின் உளியைப் படம் எடுத்து வந்தாள். பழைய சேலைத் துண்டில் சுற்றி அலமாரி மேல் வைத்திருந்த பால் வெட்டும் உளி. பாட்டி சொன்னதைப் பாட்டியின் குரலிலேயே இடையில் சேர்த்திருந்தாள். விடியற்காலை நெற்றி விளக்கு, பெரட்டுக் களம், காண்டாக் கம்பில் ஆடும் வாளி எல்லாம் வந்தன. பிறகு பாட்டி சொல்கிறார்: மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எழுத்து மறந்தே போயிற்று. கோயிலில் பஜனைப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பேன், பாட்டெல்லாம் காதால் கேட்டுக் கற்றது, பக்கத்தில் இருப்பவர் பக்கத்தைத் திருப்பினால் நானும் திருப்புவேன்.

கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மாதிரி எல்லோரும் பார்க்கட்டும் என்று அன்று மாலையே பெற்றோர் வாட்சப் குழுவில் அனுப்பினேன். இரவுக்குள் தோட்டம் முழுவதும் பார்த்துவிட்டது. யாரும் கேலி செய்யவில்லை, பாராட்டத்தான் செய்தார்கள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை பாட்டி கோயிலுக்கு வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"டீச்சரம்மா, பேத்தி கேட்டா, சொன்னேன். ஊரு கேட்டிருந்தா சொல்லியிருப்பேனா?"

எனக்குப் பதில் வரவில்லை. முகம் தெரியாத இசையமைப்பாளருக்கு உரிமை உண்டு என்று வகுப்பில் ஒரு பாடமே நடத்தியவள் நான். நாலு லயம் தள்ளி இருக்கிற பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. குழுவிலிருந்து எடுத்துவிட்டேன் என்றேன். எடுத்து என்ன பயன்? மற்றவர்கள் தங்கள் கைப்பேசியில் இறக்கி வைத்ததை நான் எப்படி எடுப்பது?

ஜோ லாம்பர்ட் குழுவினர் வலியுறுத்துவது ஒன்று உண்டு: கதை சொன்னவருக்குத்தான் கதை சொந்தம், எதை வைப்பது, யாருக்குக் காட்டுவது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். நான் படித்ததுதான். படித்ததும் செய்வதும் ஒன்றா?

பாட்டி அதுவரை அந்தப் படத்தை முழுதாகப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பேத்தி போட்டுக் காட்டினாள். தன் குரலைக் கேட்டு முதலில் சிரித்தார். "உளி இருக்கட்டும். புத்தகத்தை எடுத்துடு" என்றார். மாணவி அங்கேயே உட்கார்ந்து வெட்டினாள். இரண்டு நிமிடம் ஒரு நிமிடம் இருபது வினாடி ஆனது. உண்மையைச் சொன்னால், வெட்டிப் போட்ட பகுதிதான் படத்தின் உயிர். போட்டி ஏதாவது ஒன்றுக்கு அனுப்பலாம் என்று எனக்கும் ஆசை இருந்தது. வாயைத் திறக்கவில்லை. முழுப் படம் பேத்தியின் கைப்பேசியில் மட்டும் இருக்கிறது. "நான் போன பிறகு அவ என்ன வேணும்னாலும் செஞ்சுக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார். கோயிலுக்கு மறுபடி வர ஏழு வாரம் ஆனது.

இப்போது வேலையோடு இன்னொரு விதி சேர்ந்திருக்கிறது. பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கிவரத் தாள் கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுத்து தெரியாதவர் தாளில் என்னத்தைப் பார்ப்பார்? ஆகவே, படத்தை முழுவதும் போட்டுக் காட்டிவிட்டு, "வகுப்பில் காட்டலாமா? வெளியே அனுப்பலாமா?" என்று இரண்டு கேள்வி தனித்தனியாகக் கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் பதிவு செய்து வர வேண்டும். 'வேண்டாம்' என்றால் எழுதியதை மட்டும் கொடுத்தால் போதும், மதிப்பெண் குறையாது. சென்ற தவணையில் மூன்று வீட்டில் 'வேண்டாம்' என்றார்கள்.

லோரி ஓட்டும் தகப்பனாருக்கும் மற்றப் பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் பிள்ளை பேசிப் பதிவு செய்யக் கைப்பேசியைக் கேட்டு வந்தால், வேலை முடிந்து வந்தபின் அரை மணி நேரம் கொடுங்கள். அழைப்பு வந்து பதிவு கெடாதபடி விமானப் பயன்முறையில் போட்டுக் கொடுங்கள். தகரக் கூரையில் மழை பெய்கிற நேரம் வேண்டாம். அந்த அரை மணி நேரம் விசிறியையும் நிறுத்தி வையுங்கள்.