அண்டை வீட்டுத் தறி

கூலி வரவாகும் நாளன்று நெசவாளர் சங்கத்து வாயிலில் நிற்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். தமக்கு வந்த தொகையைப் பற்றிப் பேசுவோர் சிலர். அண்டை வீட்டாருக்கு வந்ததைப் பற்றிப் பேசுவோரே பலர். நெல்லை எடை போட்டுத் திரும்பும் உழவரிடத்தும் இதே பேச்சுத்தான். தம் வரவை எண்ணி முடிக்குமுன்னரே மனம் அடுத்தவர் வரவை எண்ணப் புகுகின்றது.

இவ்வாறு ஒப்பிடுவது பெரும்பாலும் தவறான கணக்காகவே முடியும். கோர்வைப் புடவை நெய்தவர் பெற்ற கூலியைச் சாதாரணப் புடவை நெய்தவர் தம் கூலியோடு வைத்துப் பார்க்கின்றார். கோர்வைக்குக் கரையும் உடலும் தனித்தனி நாடாவால் கோக்கப்பட வேண்டும், துணைக்கு மற்றொருவர் அமர வேண்டும், நாட்களும் மிகுதி. தார் சுற்றிய இல்லாளின் கையும் கூலித் தொகையில் தெரிவதில்லை. தலைமடை நிலத்தார் களத்தில் குவிந்த நெல்லைக் காண்கின்றோம். அவர் தலைமேல் உள்ள கடனைக் காண்பதில்லை. வரவை மட்டும் எழுதிச் செலவை விடுத்த கணக்கை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கார். நாம் மட்டும் அதனை நம்பி நெஞ்சம் புழுங்குவானேன்?

இப்புழுக்கம் தனி மனிதரோடு நிற்பதில்லை. வெளி வியாபாரி புடவைக்குச் சிறிது கூட்டிக் கொடுத்தார் என்று கேட்டதும், சங்கத்து நூலில் நெய்ததை அவரிடம் கொண்டுபோய் விற்போர் உண்டு. அவ்விலை ஒரு பருவம் நிற்கலாம். சரக்குத் தேங்கினால் வியாபாரி பாவு கொடுப்பதை நிறுத்திவிடுவார். அன்று திரும்பி வருவதற்குச் சங்கம் என ஒன்று இருக்க வேண்டுமன்றோ?

நன்றி பாராட்டுவதென்றால் கிடைத்ததைக் கொண்டு வாய்மூடி இருத்தல் என்று சிலர் கருதுவர். அது பிழை. கூலி விகிதத்தில் பாகுபாடு இருப்பினும், கடைமடைக்கு முறைப்படி நீர் வாராதிருப்பினும், பேரவையில் எழுந்து கேட்பது உறுப்பினரின் உரிமை, கடமையுங்கூட. பங்குத் தொகை எவ்வளவாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் நெறி இருப்பது அதற்காகவே. ஆனால் நியாயம் கேட்பது வேறு. பிறர் உயர்வு கண்டு உள்ளம் வேவது வேறு. முன்னது சங்கத்தைத் திருத்தும். பின்னது அதனைக் கலைக்கும்.

1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் 28 பவுன் முதல் திரட்டி ஒரு கூட்டுறவுக் கடை கண்டனர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். டிசம்பர் 21ஆம் நாள் கடை திறந்தபோது அங்கே இருந்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவர்த்தி போன்ற சில பண்டங்களே. நகரத்துப் பெருங்கடைகளோடு ஒப்பிட்டிருப்பின் அவர்கள் அன்றே மனம் உடைந்து கதவடைத்திருப்பர். அவர்களோ சரியான எடை, கலப்பற்ற பண்டம், வாங்கிய அளவுக்கேற்ற இலாபப் பங்கு என்று தமக்கெனத் தனி அளவுகோல் வகுத்துக்கொண்டனர். கூட்டுறவு உலகு இன்றும் அவர்களை முன்னோடிகளாகப் போற்றுகின்றது.

நமக்கும் அத்தகைய அளவுகோல் வேண்டும். அண்டை வீட்டாரைவிட நாம் எவ்வளவு குறைந்தோம் என்று கேளாமல், சென்ற ஆண்டினும் நம் தறியும் நிலமும் எவ்வளவு முன்னேறின, அதற்கு யார் யார் கை கொடுத்தனர் என்று கேட்போம். பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி தோய்ப்பதற்குத் தனி ஒருவரால் இயலுமா? நீட்டிய பாவின் மறு முனையைப் பிடிப்பவர் அதே அண்டை வீட்டார்தாம். வாய்க்காலைத் தூர் வாரும்போது நமக்குப் பக்கத்தில் நின்று மண் வெட்டுபவரும் அவரே. அவர் வாழ்வு உயர்ந்தால் நம் சங்கத்தின் வலிமையும் உயரும்.

ஆகவே, உறுப்பினர் பெருமக்களே! குறை இருப்பின் பேரவையில் கூறுங்கள்; உதவி பெற்றிருப்பின் உதவியவரிடமே கூறுங்கள். இவ்விரண்டும் நிகழும் சங்கம் எத்தகைய தேக்கத்தையும் தாங்கி நிற்கும்.