அளவெடுக்கும் கைகளுக்கும் ஒரு பாடம் கொடுங்கள்

ஒரு பெண்ணின் மார்பைப் பற்றி அவளிடமே நேராகக் கேள்வி கேட்கும் உரிமை ஊருக்குள் மிகச் சிலருக்குத்தான் உண்டு. டாக்டரம்மா கேட்கலாம், நர்ஸ் கேட்கலாம். ஆனால் அவர்களிடம் உடம்புக்கு முடியாதபோதுதான் போவார்கள். பவானியில் ஜாக்கெட் தைக்கிற என்னிடம் தீபாவளிக்கு, பொங்கலுக்கு, பண்ணாரி குண்டத்துக்கு, சொந்தக்காரர் வீட்டுச் சீருக்கு என்று வருஷம் தவறாமல் வருகிறார்கள். “இந்தப் பக்கம் பிடிக்குதுங்களா, கழுத்து இன்னும் இறக்கட்டுங்களா, கப் வைக்கணுமா?” என்று நான் கேட்டால் யாரும் கூச்சப்படுவதில்லை. பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தாலும் பதில் வரும்.

இந்த உரிமை சும்மா கிடக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மேடையை விட்டு இறங்கித் தையல் கடைக்கு வர வேண்டும்.

அக்டோபர் வந்தால் ஊரெல்லாம் ரோஸ் நிற பலூன், ரோஸ் நிற ரிப்பன், பேரணி. நடப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவிகள். பத்தொன்பது, இருபது வயது. இந்த நோய் நம் நாட்டில் அதிகம் வருவது ஐம்பதை ஒட்டிய வயதில். அந்த வயதுக்காரி பேரணி போகும் நேரத்தில் தறியில் இருப்பாள், இல்லையென்றால் பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பாள். மைக்கில் சொல்வது அவள் காதில் விழுந்தாலும், அது யாரோ படித்த பெண்களுக்குச் சொல்வது என்றுதான் நினைப்பாள்.

அரசு மருத்துவமனையில் நர்சாக இருக்கும் என் மகள் ஒரு கணக்கை எடுத்துக் காட்டினாள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ம் ஆண்டுக்குச் சொன்ன மதிப்பீடு அது. இந்தியாவில் அந்த ஒரு வருஷத்தில் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 1.92 லட்சம் பேர். இறந்தவர்கள் சுமார் 98 ஆயிரம். அமெரிக்காவில் நோய் வந்தவர்கள் சுமார் 2.74 லட்சம்; இறந்தவர்கள் சுமார் 43 ஆயிரம். அங்கே நோய் அதிகம், சாவு குறைவு. இங்கே நோய் முற்றிய பிறகு வருகிறார்கள், வந்தவர்களிலும் பலர் பாதி சிகிச்சையில் நின்றுவிடுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் ஓர் இலக்கு வைத்திருக்கிறது. ஒரு பெண் கட்டி என்று வந்து நின்றால் 60 நாளுக்குள் அது என்ன என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட வேண்டும். நல்ல இலக்குதான். ஆனால் அந்த 60 நாள் அவள் ஆஸ்பத்திரி வாசலை மிதித்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் போகும் மாதங்களை யார் கணக்கில் வைக்கிறார்கள்? அந்த மாதங்களில்தான் அவள் என் கடைக்கு வந்து போகிறாள்.

தறிக்குப் போகும் ஓர் அக்கா. ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, “அம்மிணி, இந்த ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் பிரிச்சு உடு” என்றார். பக்கத்தையலில் நாங்கள் எப்போதும் துணி விட்டிருப்போம். உடம்பு போட்டால் இரண்டு பக்கமும்தான் பிரிப்போம். ஒரு பக்கக் கைக்குழி மட்டும் பிடிக்கிறது என்றால் எனக்குக் கேள்வி வரும். “ஏனுங்கக்கா, தோள்ல ஏதாவது வலியா?” என்றேன். சுளுக்கு என்றார். அடுத்த மாதம் அதே பக்கத்தை மறுபடி பிரிக்கக் கொண்டுவந்தார். அன்று கடையில் வேறு யாரும் இல்லை. மறைப்புக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கேட்டபோதுதான் அக்குளில் கட்டி என்றார். வலி இல்லையாம். வீட்டில் யாருக்கும் தெரியாதாம். “புள்ளைக்கு ஜாதகம் வெளிய குடுத்திருக்கறோம் கண்ணு. அது முடியட்டும்.”

மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. மார்பிலும் கட்டி இருந்தது. ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது என்கிற கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இப்போது நடமாடுகிறார். சொந்தக்காரர்களிடம் மட்டும் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். கர்ப்பப்பையை எடுத்ததைச் சொல்ல வெட்கமில்லை, மார்பை எடுத்ததைச் சொல்ல வெட்கம்.

அந்த வெட்கத்தின் வேர் பெண்ணின் கல்யாணம். அம்மாவுக்கு வந்தால் மகளுக்கும் வரும், அந்த வீட்டில் பெண் எடுக்கக் கூடாது என்று பேசுவார்கள். உண்மை வேறு. மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். அந்தச் சில குடும்பங்களிலும் அம்மா மறைப்பதால் மகளுக்கு நன்மை இல்லை. அம்மாவுக்கு இருந்தது தெரிந்தால்தான் மகள் முன்கூட்டியே பரிசோதனையைத் தொடங்க முடியும். மகளின் வாழ்க்கைக்காக மறைக்கிறோம் என்று நினைத்து, மகளுக்கு உதவக்கூடிய ஒரே தகவலை மறைக்கிறார்கள்.

கடையில் கேட்கும் மற்ற கேள்விகளையும் சொல்கிறேன். இறுக்கமாகத் தைத்தால் கேன்சர் வருமா? கறுப்பு பாடி போட்டால் வருமா? ஜாக்கெட்டுக்குள் செல்போன் வைத்தால் வருமா? நம்பிக் கேட்கிறார்கள். நான் சொல்லும் பதில் இதுதான்: இறுக்கமான துணியாலோ, நிறத்தாலோ வராது. செல்போனால் வருகிறது என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால் பரவிவிடும் என்ற பயம் இதைவிட மோசமானது. அந்தப் பயத்திலேயே நாட்டு மருந்துக்கும் பச்சிலைப் பத்துக்கும் போய், கட்டி புண்ணாகி உடைந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. தொட்டால் ஒட்டாது என்று தெரிந்தும் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்த வீடுகளும் உண்டு.

இந்தப் பேச்சைப் பெண்களோடு நிறுத்திக்கொண்டால் பிரயோஜனமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் கூலி போகும், வண்டி வேண்டும், கூட ஆள் வேண்டும். அந்த முடிவை எடுப்பவர் என் கடைக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆம்பளைகளுக்கு அதெல்லாம் எதுக்கு என்று விட்டுவிடுகிறோம். நான் விடுவதில்லை. “அண்ணா, அடுத்த வாரம் அக்காளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. முப்பது வயசு தாண்டினவங்களுக்கு மார்பும் கருப்பைவாயும் காசில்லாம பார்க்கறாங்க” என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன். முதலில் தலையைக் குனிவார்கள். பிறகு “எந்தக் கிழமைங்க?” என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவைத் திட்டம் ஏற்கிறது, அதில் புற்றுநோய்க்கும் சிகிச்சை உண்டு என்று சொன்னால், முகத்தில் பாதிப் பயம் போய்விடும். பல வீடுகளில் வெட்கம் என்று சொல்வது உண்மையில் செலவைப் பற்றிய பயம்தான்.

தையல்காரி பேசினால் நோய் குறைந்துவிடுமா என்று கேட்கலாம். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி இருபது வருஷம் நடத்திய ஆய்வு ஒன்று இருக்கிறது. குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையான ஒன்றரை லட்சம் பெண்கள். அவர்களில் பாதிப் பேருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை. பார்த்தவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட பெண் சுகாதாரப் பணியாளர்கள். 2021-ல் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் இறப்பில் உறுதியாகச் சொல்லும்படி குறைவு தெரியவில்லை. ஆனால் நோய் முற்றுவதற்கு முன்பே கண்டுபிடித்தார்கள், ஐம்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களிடம் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. மேமோகிராம் மெஷின் இல்லாமல், பழகிய கையால் நடந்தது இது.

இன்னொன்று அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் முடிதிருத்தும் கடைகளில் நடந்தது. 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். ரத்த அழுத்தம் அதிகம் உள்ள கறுப்பின ஆண்களுக்குச் சில கடைகளில் முடிதிருத்துபவர் அறிவுரை மட்டும் சொன்னார். மற்ற கடைகளில் மருந்தாளுநரே கடைக்கு வந்து அழுத்தம் பார்த்து மருந்தும் கொடுத்தார். ஆறு மாதத்தில் அறிவுரை மட்டும் கேட்டவர்களுக்கு மேல் அழுத்தம் 9 புள்ளி இறங்கியது. மருந்தாளுநர் வந்த கடைகளில் 27. நோய் வேறு, ஊர் வேறு. ஆனாலும் எனக்கு வேண்டிய பாடம் இதில் இருக்கிறது. நம்பிக்கையான கடையில் பேசுவது பாதி வேலை. மருத்துவமும் அந்தக் கடைப்படி ஏறி வந்தால் வேலை முடிகிறது.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. முதலாவது, தமிழ்நாட்டில் சமூக நலத் துறையின் கீழ் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவு சங்கங்கள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளின் சீருடையைத் தைக்கும் பெண்கள் அவற்றில் உறுப்பினர்கள். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் மெஷின் திட்டமும் இருக்கிறது. மெஷின் கொடுக்கும் அன்றே ஒரு மதியம் பாடமும் கொடுங்கள். வலியில்லாத கட்டி, அக்குளில் வீக்கம், ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிவிழுந்த தோல், உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, ரத்தக் கசிவு. பாலூட்டாத பெண்ணின் அளவு ஜாக்கெட்டில் ஒரு பக்கம் மட்டும் உள்ளே கறை இருந்தால் நாங்கள் துவைத்துவிட்டு வாங்க என்போம். அது கேட்க வேண்டிய கேள்வி என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இரண்டாவது, அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-லிருந்து வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறது. எங்கள் ஈரோடு உட்பட நான்கு மாவட்டங்களில் 2023-ல் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தையும் தொடங்கினார்கள். ஆனாலும் “எனக்குத்தான் ஒண்ணுமில்லையே” என்று ஒதுங்குபவர்கள் இருக்கிறார்கள். பலருடைய வீடு ஓர் அறை. ஜாக்கெட்டைக் கழற்ற இடமே இல்லை. என் கடையில் மறைப்பு இருக்கிறது. ஆடியில் தொடங்கலாம்; அப்போது முகூர்த்தம் கிடையாது, எங்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம். மாதத்துக்கு ஒரு மதியம் கிராம சுகாதார நர்ஸ் வந்து உட்காரட்டும். அளவு கொடுக்க வந்தவர்கள் அப்படியே பார்த்துக்கொண்டு போகட்டும். வெளியே நிற்கிறவர்களுக்கு அது ஜாக்கெட் தைக்க வந்த கூட்டம்தான்.

மூன்றாவது, ஆபரேஷனுக்குப் பிறகு. மார்பை எடுத்த பெண்ணுக்கு ஜாக்கெட் தைப்பது தனி வேலை. அந்தப் பக்கம் உள்ளே காட்டன் பை வைக்க வேண்டும். வெறும் பஞ்சு அடைத்தால் எடையில்லாமல் மேலே ஏறிக்கொள்ளும், அடியில் மடித்த துணி வைத்துக் கனம் கொடுக்க வேண்டும். அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருந்தால் கை வீங்கக்கூடும், அந்தக் கையைத் தளர்வாக வெட்ட வேண்டும். கரண்ட் வைத்த தோலில் தையல் மடிப்பு உரசக் கூடாது, லைனிங்கும் மெல்லிய காட்டனாக இருக்க வேண்டும். இதை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் ஊர்த் தையல் சங்கத்துக்குச் சொல்லிக் கொடுத்து, டிஸ்சார்ஜ் ஆகும்போதே அப்படி ஒரு ஜாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பலாம். கல்யாண வீட்டுக்கு முந்தானையை இழுத்து இழுத்து மூடாமல் போக முடிந்த பெண், மறைக்க வேண்டிய அவசியம் பாதி தீர்ந்த பெண்.

இதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். தையல் கடை ஊர்க்கதை பேசும் இடம். ஒருத்தியின் கட்டி மறுநாள் தெருவுக்கே தெரிந்தால், அடுத்தவள் வாயைத் திறக்க மாட்டாள். ஆகவே முதல் பாடம் வாயடக்கம். இரண்டாவது பாடம், நாங்கள் டாக்டர் இல்லை என்பது. தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை கிடையாது. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்லை. அதையும் சொல்லி, அது எது என்று நர்சிடம் காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதையும் சொல்லி, தேவைப்பட்டால் கூடப் போக வேண்டும். அவ்வளவே. கடையையும் பார்த்துக்கொண்டு இதையும் செய் என்று எங்கள் தலையில் கட்டுகிறீர்களே என்று சக டெய்லர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பயிற்சி நாளுக்கும் கூடப் போகும் நாளுக்கும் ஒரு நாள் கூலி கொடுங்கள் என்று அரசைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

ஜாக்கெட் பிட்டு வாங்க ஈரோடு கனி மார்க்கெட்டுக்குப் போகும் நாட்களில் என்னைப் போன்ற டெய்லர்கள் எத்தனையோ பேரைப் பார்க்கிறேன். ஒவ்வொருவர் கையிலும் சில நூறு பெண்களின் அளவு இருக்கிறது. அக்டோபர் பேரணிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து அவர்களை ஒரு மதியம் உட்கார வையுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் இடம் இல்லையென்றால் என் கடை இருக்கிறது, மெஷின்களை ஓரம் தள்ளினால் இருபது பேர் உட்காரலாம்.